இருபத்துமூன்று பாட்டில்கள்

அவளுடைய உத்தியோகம் தலை எண்ணுவது. நியமனக் கடிதத்தில் 'பொதுமக்கள் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்' என்று நீட்டி முழக்கியிருந்தாலும், செய்கிற வேலை அதுதான். கடலைக் காப்போம் என்று எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பள்ளிக்கூடம் ஊர்வலம் வந்தது, எத்தனை பேர் கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்கினார்கள் என்று எண்ணித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தலைமை அலுவலகம் வேறொரு கண்டத்தில் இருந்தது. அந்த ஊரில் கடல் உண்டா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. இவர்கள் அலுவலகம் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே, மூன்றாவது மாடியில். கடலின் எதிர்காலத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது, கீழேயிருந்து பல்லைக் குடையும் சத்தம் வந்துகொண்டேயிருக்கும்.

அவள் புருஷன் அவளுக்கு வைத்திருந்த பெயர் தலையெண்ணி. அவன் நகராட்சியில் டிராக்டர் ஓட்டினான். விடிகாலையில் டிராக்டருக்குப் பின்னால் சல்லடை வண்டியைக் கோத்துக்கொண்டு கடற்கரை முழுவதும் மணலைச் சலித்துப் போவது அவன் வேலை. சல்லடையின் கத்தி மணலுக்குள் இறங்கி வாரியெடுக்கும். குப்பை மேலே தங்கும், மணல் கீழே உதிரும். வருஷம் முந்நூறு நாளும் ஒற்றை ஆளாகக் கடற்கரையைச் சுத்தம் செய்கிறவன் அவன். வருஷத்துக்கு ஒரு நாள் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிச் சுத்தம் செய்கிறவள் அவள். பத்திரிகையில் படம் வந்தது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "என்ன தலையெண்ணி, இன்னிக்கு எத்தனை தலை?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, பரவாயில்லையே, என் சல்லடையில இவ்வளவு விழாதே என்பான்.

பாட்டில் விஷயம் மூன்று வருஷம் முன்பு ஆரம்பித்தது. ஒரு நாள் காலை சல்லடையின் மேல்தட்டில் குப்பையோடு குப்பையாக வெள்ளை வெள்ளையாக ஏதோ உருண்டிருக்கிறது. பந்து என்று நினைத்துக் கையில் எடுத்தான். விரல் உள்ளே போய்விட்டது. ஆமை முட்டை. ஒரு குழியையே கத்தி வாரிப் போட்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டு வருவான். ஆமை ஏறி இறங்கிய தடம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு அடையாளம். முதலில் வெறும் குச்சி நட்டான்; டிராக்டரின் உயரத்திலிருந்து பார்த்தால் குச்சி கண்ணுக்கே தெரியவில்லை. துணி கட்டினான், யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அலுவலகத்தில் அறிவிப்புப் பலகை கேட்டு எழுதிப் போட்டான். அந்தக் கடிதம் போன இடம் தெரியவில்லை. கடைசியில் குப்பையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலையே குச்சியின் தலையில் கவிழ்த்து வைத்தான். விளக்கு வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று மின்னியது. யாரும் திருடவும் இல்லை. காலி பாட்டிலை எவன் திருடுவான்? ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு ஒட்டுநாடா, அதில் முட்டையிட்ட தேதி. இந்த வருஷம் இருபத்துமூன்று. எல்லாமே வடக்குக் கோடியில், காவல் கோபுரத்துக்கும் சாக்கடை வாய்க்கும் நடுவில்.

இந்த வருஷத்து இயக்கம் சாதாரணமானதில்லை. அறுபத்தோரு நாடு, ஒரே நாள், ஒரே மணி நேரம். எந்தக் கடற்கரையில் அதிகம் பேர் கூடுகிறார்களோ அது உலகத்திலேயே முதல். இவர்களுக்குக் கொடுத்த இலக்கு நாலாயிரம். அவள் மூன்று மாதம் தலையால் தண்ணி குடித்தாள். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினாள், குடியிருப்புச் சங்கங்களின் காலில் விழாத குறை. கடற்கரையை நூற்று அறுபது கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இருபத்தைந்து பேர் என்று வரைபடம் போட்டது அவள்தான். பனியனின் முதுகில் அச்சடிக்க ஒரு வாசகம் வேண்டும் என்றபோது, 'ஒரு பாட்டில்கூட மிஞ்சக் கூடாது' என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மின்னும் பாட்டில்களைப் பற்றி வீட்டில் தினம் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. அலுவலகத்துப் பாட்டில் வேறு, வீட்டுப் பாட்டில் வேறு என்று மனசுக்குள் சுவர் கட்டி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன்தான் பார்த்தான். வடக்குக் கோடியின் மேல் விரலை வைத்தான்.

"இந்த நாப்பது கட்டத்தை மட்டும் எடுத்துடு. அடுத்த வாரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா பொரிய ஆரம்பிச்சிடும். ஆள் உள்ள போகக் கூடாது."

"சொல்றேங்க," என்றாள்.

"சொல்றேன்னு சொல்லாத. எடுத்துட்டேன்னு சொல்லு. இல்லேன்னா அன்னிக்கு லீவு போட்டுட்டு நானே அங்க போய் நிக்கிறேன்."

அதெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் கூட்டத்தில் வாயைத் திறந்தாள். இயக்குநர் மேடம் நல்லவர்தான், கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கடல் என்றால் கண் கலங்குகிற மனுஷி. வடக்குக் கோடியில் கொஞ்சம் ஆமைக்குழிகள் இருக்கின்றன என்று இவள் ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அருமை, அதை போஸ்டரில் போடலாமே, ஆமைக்கு மக்களிடம் நல்ல வரவேற்பு உண்டு என்றார். அந்தக் கோடியை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று இவள் இழுத்தாள்.

"நாப்பது கட்டம், ஆயிரம் பேரும்மா. அவங்களை எங்க நிக்க வைக்கப் போறீங்க, கடலுக்குள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் மிச்ச வார்த்தையை மென்று முழுங்கிவிட்டாள். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவிப்பாளருக்குக் கொடுக்கும் தாளில் மூன்றாவது வரியாக, 'வடக்குப் பகுதியில் குச்சியில் கவிழ்த்திருக்கும் பாட்டில்களைத் தொட வேண்டாம், அவை ஆமைக்குழிகளின் அடையாளம்' என்று அவளே தட்டச்சு செய்து சேர்த்தாள். அது போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் கேட்டான். சொல்லிட்டேங்க என்றாள். அவன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினாலு வருஷமாக அவள் சொன்னதைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். லீவும் போடவில்லை. அன்றைக்குக் குப்பை மூட்டைகளை ஏற்றிப் போகும் வண்டிக்கு அவனைத்தான் போட்டிருந்தார்கள்; தெற்குக் கோடியில், எடை போடும் இடத்தில்.

அந்த நாளும் வந்தது. காலை எட்டு மணிக்கே கடற்கரை நீலமாகிவிட்டது, எல்லாம் பனியன். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை, ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்தவர்களுக்கு வெறுங்கையோடு எப்படி ஒழிப்பது? மேடையில் பெரிய திரை. அதில் கட்டம் கட்டமாக வேறு வேறு நாட்டுக் கடற்கரைகள், எல்லா இடத்திலும் அதே பனியன், அதே கையசைப்பு. திரைக்குக் கீழே மேஜை போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பதினாறு நுழைவாயில்களிலிருந்தும் எண்ணிக்கை அவளுக்குத்தான் வரும். அவள் கூட்டிப் போட்டால்தான் திரையில் எண் ஏறும்.

அறிவிப்பாளர் தாளைப் பிரித்து வரவேற்புரையைப் படித்தார். இரண்டாவது வரியில் இருந்தபோது, வெளிநாட்டு நேரலை இரண்டு நிமிஷம் முந்தியே வந்துவிட்டது என்று யாரோ கையைக் காட்டினார்கள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பித்தார். நாலாயிரம் வாயும் கூடவே எண்ணியது. ஊதல் ஊதியதும் ஜனம் மணலில் இறங்கிவிட்டது.

அவளுடைய மூன்றாவது வரி தாளோடு பைக்குள் போய்விட்டது. மேடையிலிருந்து வடக்குக் கோடிக்குப் பத்து நிமிஷ நடை, ஓடினால் ஐந்து. திரையில் எண் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் நின்றிருந்தது. மூன்றாவது இடத்தில் இருந்தார்கள். கடைசி இரண்டு பேருந்து ஆட்கள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். மேடம் திரும்பிப் பார்த்து, அந்த எண்ணை ஏத்தும்மா என்றார். அவள் உட்கார்ந்தாள். இதை எப்படிப் பூசி மெழுகினாலும் நடந்தது இவ்வளவுதான். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. எண்ணை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. முப்பது, அறுபது, நூறு என்று ஏறியது. நாலாயிரத்து நூற்றுப் பதினாறில் நின்றது. உலகத்திலேயே முதல்.

மேளம் மாதிரி அத்தனை பேரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு குடும்பம் மேஜைக்கு வந்தது. அப்பா, அம்மா, பத்து வயசில் ஒரு பெண் குழந்தை. மூன்று பேர் முகமும் வெயிலில் சிவந்திருந்தது. அப்பா கையில் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். குழந்தை பையை விரித்துக் காட்டியது.

"மொத்தம் இருபத்துமூணு. எல்லாம் நாங்களே எடுத்தோம்," என்றது.

அப்பாவுக்கு ஆற்றாமை. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டாகூடப் பரவாயில்லை, வேலை மெனக்கெட்டுக் குச்சி வேற நட்டு வெச்சிருக்கானுங்க, என்ன ஜன்மமோ என்றார். வெறுமனே சொல்லவில்லை; நிஜமாகவே நொந்துபோய்ச் சொன்னார். பையில் மேலாக இருந்த பாட்டிலில் அவள் புருஷனின் கோணல் எழுத்தில் ஒரு தேதி இருந்தது.

அவள் நன்றி சொன்னாள். மூன்று பேருக்கும் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தாள். குழந்தை சான்றிதழை நெஞ்சோடு வைத்து போட்டோ எடுத்துக்கொண்டது. பை, மற்ற மூட்டைகளோடு வண்டிக்குப் போயிற்று. வண்டியை ஓட்டியது அவன்தான். கறுப்புப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தன்னுடைய இருபத்துமூன்று பாட்டிலையும் தானே ஏற்றிக்கொண்டு போய் எடை மேஜையில் இறக்கிவிட்டு வந்தான்.

மத்தியானம் சொல்லியிருக்கலாம். சுற்றி ஆட்கள். வீட்டுக்குத் திரும்பும்போது சொல்லியிருக்கலாம். அவன் களைத்துப் போயிருந்தான். சாயங்காலம் அவன் கட்டிலில் சாய்ந்திருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு போன் வந்தது. நாள் முழுக்க வண்டி ஓட்டியதால் மறுநாள் அவனுக்கு ஓய்வு. மாற்று டிரைவர் வருகிறான். அவன்தான் வழி கேட்டுக் கூப்பிட்டிருந்தான்.

"வடக்குக் கோடியில மட்டும் பாத்துப் போடா. பாட்டில் இருக்கிற இடத்தைச் சுத்திப் போ. பாட்டில் இல்லேன்னா யோசிக்காத, நேரா விடு."

சட்டைக் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஏங்க என்று ஆரம்பித்தாள். அவன் போனை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"உலகத்துலயே முதல்னு சொல்றாங்க எல்லாரும். எங்க சூப்பர்வைசர் என்கிட்ட வந்து கை குடுக்கிறார். என் பொண்டாட்டிதான் சார் எண்ணினதுன்னேன்."

அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளால் முடியவில்லை. காலையில் அவளே முதலில் போய் மாற்று டிரைவரை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். வண்டி எப்போதும் ஐந்தரைக்குத்தான் கிளம்பும். ஐந்து மணிக்கு எழுந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சூரியன் உதிக்கும்போது சுத்தமான கடற்கரையை மேலேயிருந்து படம் பிடிக்க வேண்டும் என்று படக்குழு கேட்டிருந்தது. நாலாயிரம் பேர் மிதித்த தடம் ஒன்றுகூடத் தெரியக் கூடாதாம். அதனால் வண்டி நாலு மணிக்கே கிளம்பிவிட்டது. மேலோட்டமாகச் சீவினால் தடம் போகாது என்று கத்தியையும் வழக்கத்தைவிட ஆழமாக இறக்கியிருந்தார்கள். அப்படி ஆழமாக இறக்கச் சொன்னது யார் என்று பிற்பாடு பார்த்தபோது, மேடம்தான். எதற்கு என்றால், அழகுக்கு.

அவள் போய்ச் சேர்ந்தபோது கோபுரத்திலிருந்து சாக்கடை வாய் வரைக்கும் மணல் சீப்பு போட்டு வாரிய தலை மாதிரி இருந்தது. நேர் நேராகக் கோடுகள். ஒரு குச்சி கிடையாது, ஒரு பாட்டில் கிடையாது. சாக்கடை வாய் அருகே டிராக்டர் நின்றிருந்தது. மாற்று டிரைவர் கீழே இறங்கிச் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினான்.

"அண்ணி, அண்ணன் பயமுறுத்திட்டாரு. ஒரு பாட்டில்கூட இல்ல. ஒரே இழுப்பு."

சல்லடைத் தட்டிலிருந்து அவன் தட்டிவிட்டது அவள் காலடியில் விழுந்தது. வெள்ளைத் தோல், கிழிந்தது, மஞ்சளாக வழிந்தது. சிலவற்றில் தலையும் துடுப்பும் முழுசாக உருவாகி, கட்டை விரல் அளவில் சுருண்டு கிடந்தன. ஒன்று கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அவள் மண்டியிட்டு அதைக் கையில் எடுத்தாள். அசையவில்லை. தலைக்கு மேல் படக்குழுவின் குட்டி விமானம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தர் தூரத்திலிருந்து, அக்கா கொஞ்சம் தள்ளிப் போங்க, ஃப்ரேம்ல வர்றீங்க என்று கத்தினார். அவள் தள்ளிப் போனாள்.

அவனுக்கு மாற்று டிரைவரே போனில் சொல்லிவிட்டான். அவன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. குவியலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் விலக்கிப் பார்த்தான். பிறகு சீவிய மணலில் நடந்து, காவல் கோபுரத்திலிருந்து அடியளந்து, ஒவ்வொரு இடமாக நின்று நின்று வந்தான். எந்தக் குழி எங்கே என்று அவனுக்கு மனப்பாடம். பாட்டில் மற்றவர்களுக்காக வைத்தது, வண்டிக்காக வைத்தது.

"சொல்லிட்டேன்னியே," என்றான்.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். சிரித்தது, தாளில் மூன்றாவது வரி, அந்தக் குழந்தை, முத்திரை, சாயங்காலம் துணி மடித்தது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்கக் கூசியது.

"சாயங்காலம் சொல்லியிருந்தாகூடப் போதும். நான் போய் இருபத்துமூணையும் மறுபடி நட்டிருப்பேன். ஒரு மணி நேர வேலை."

அவ்வளவுதான் சொன்னான். அடித்திருந்தால், நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதலைக்கூட அவன் தரவில்லை. அன்றிலிருந்து அவன் அவளைத் தலையெண்ணி என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்து வைக்கும் சத்தம்தான் கூப்பிடுவது.

அவள் மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் அழுதார். நிஜமாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது வெளியே தெரிந்தால் மக்களுக்கு இந்த இயக்கத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும், கடலுக்குத்தானே நஷ்டம் என்றார். அடுத்த வருஷம் ஆமைக்கென்றே தனியாக ஒரு கையெழுத்து இயக்கம் நடத்தலாம் என்றார். மேலேயிருந்து எடுத்த படம் உலகம் முழுக்கப் போயிற்று. நேர்கோடு போட்ட மணல், நீலக் கடல், ஒரு ஓரத்தில் மண்டியிட்டிருக்கும் ஒரு பெண். கடலை வணங்கும் தன்னார்வலர் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். அதுதான் அடுத்த வருஷத்து போஸ்டர்.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உலக மாநாட்டில், இத்தனை மக்களைத் திரட்டியது எப்படி என்று அவள் பேச வேண்டும். அடுத்த வருஷத்து இலக்கு ஆறாயிரம் என்றும் அதிலேயே இருந்தது. மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தாள். மாட்டேன் என்று எழுதினால் ஏன் என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுத அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் உரையை எழுத ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். தாளைப் படித்தான். மூன்று வாரத்தில் அவளிடம் அவன் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டான்.

"எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்கன்னு சொல்லப் போற?"

"நாலாயிரத்து நூத்திப் பதினாறு."

"குழிக்கு நூறுன்னு வெச்சுக்கோ. இருபத்துமூணு குழி. அதையும் சேத்துச் சொல்லு. அதுங்களும்தான் கலந்துக்கிச்சு."

சொல்லிவிட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதற்கு முன்னால், எண்ணி எண்ணிப் பழகிப்போன பாழாய்ப்போன மனசு அந்தக் கூட்டலைப் போட்டு முடித்துவிட்டது. ஆறாயிரத்து நானூற்றுப் பதினாறு. அடுத்த வருஷத்து இலக்கை இந்த வருஷமே தாண்டியாயிற்று.